மலைமேல் ஒரு சங்கீதப் பாடம்

“உங்கள் பெண் பட்டப் படிப்புக்கு என்ன பாடம் எடுத்திருக்கிறாள்?” என்று கேட்பவர்களிடம், “சங்கீதம்” என்று பதில் சொல்லிப் பாருங்கள். கேட்டவர் முகத்தில் முதலில் ஒரு புன்னகை தோன்றும். சற்றுப் பொறுத்து, “அது இருக்கட்டும், படிப்புக்கு என்ன எடுத்திருக்கிறாள்?” என்று மறுபடியும் கேட்பார்! சங்கீதத்துக்குக் கோயில் கட்டிக் கும்பிடும் நமது நாட்டிலே, சங்கீதம் ஒரு படிப்பு என்று ஒப்புக்கொள்ள மட்டும் நமக்கு இன்னமும் மனம் வரவில்லை.

இந்த விஷயத்தைப் பற்றிச் சிந்திப்பதற்குக் கொடைக்கானலைவிட ஏற்ற இடம் கிடையாது. சுமார் 7,000 அடி உயரத்தில், பழனி மலைத் தொடரின் மேலே, பெண்களுக்கென்றே தமிழ்நாடு அரசாங்கம் 1984-ம் வருஷத்தில் ஸ்தாபித்த அன்னை தெரசா மகளிர் சர்வகலாசாலை இருக்கிறது. அங்கே மற்றத் துறைகளோடு சங்கீதத்துக்கும் ஒரு துறை உண்டு. மலையடிவாரத்திலோ பழனியாண்டவர் சந்நிதி. காவடியும் நாகஸ்வரமும் தவிலும் ஓயாத தலம். மேலே சர்வகலாசாலை, கீழே சம்பிரதாயம். இரண்டுக்கும் நடுவே இருக்கும் தூரம் சில மணி நேர மலைப் பாதைதானா, அல்லது அதைவிட அதிகமா என்பதே நமது கேள்வி.

சர்வகலாசாலையில் சங்கீதம் பயில இரண்டு வாசல்கள் இருக்கின்றன. சங்கீதத்தையே முதன்மைப் பாடமாக எடுத்துப் பட்டம் பெறுவது ஒன்று. சரித்திரமோ கணிதமோ பௌதிகமோ முதன்மையாக எடுத்துக்கொண்டு, சங்கீதத்தையும் சிறிது கற்பது மற்றொன்று. தமிழ்நாட்டுக் கல்லூரிகளின் பாடத்திட்டத்தில் ‘முதன்மை சாராத விருப்பப் பாடம்’ என்று ஒன்று உண்டு. பெரும்பாலும் வாரத்துக்கு இரண்டே மணி நேரம். முதல் வாசலில் நுழைகிறவர்கள் சிலர். இரண்டாவது வாசலில் நுழையக் கூடியவர்களோ ஆயிரக்கணக்கானவர்கள்.

முதல் வாசலை முதலில் பார்ப்போம். குறிஞ்சிப் பூ 12 வருஷத்துக்கு ஒருமுறை மலர்கிறது. பழைய குருகுல வாசத்துக்கும் 12 வருஷம் என்று பெரியோர் கணக்குச் சொல்வதுண்டு. சர்வகலாசாலையோ மூன்றே வருஷத்தில் பட்டம் தந்துவிடுகிறது! ஸ்வராவளி, அலங்காரம், கீதம், வர்ணம், கிருதி என்று படிப்படியாக ஏற வேண்டிய மலையை மோட்டார் வண்டியில் ஏறிவிட முடியுமா என்று கேட்கிறவர்கள் உண்டு. அவர்கள் பழனி சுப்பிரமணிய பிள்ளையை உதாரணம் காட்டுவார்கள். 1908-ல் பிறந்து 1962-ல் மறைந்த அந்த மிருதங்க மேதை, தகப்பனார் முத்தையா பிள்ளையிடமும், புதுக்கோட்டை வழியில் வந்த தட்சிணாமூர்த்தி பிள்ளையிடமும் பயின்று, இடது கை வழக்கத்தோடேயே வாசித்துப் புகழ் பெற்றார். அவருக்குப் பட்டம் கொடுத்தது எந்தக் கல்லூரியும் அல்ல.

உண்மைதான். ஆனால் அந்தக் குருகுலத்தின் வாசல் யாருக்குத் திறந்திருந்தது என்பதையும் யோசிக்க வேண்டும். வித்வானுடைய பிள்ளைக்கும், அவர் மனம் வைத்து ஏற்றுக்கொண்ட சீடனுக்கும் திறந்திருந்தது. மலை கிராமத்துப் பெண் ஒருத்தி போய்த் தட்டினால் திறந்திருக்குமா? சர்வகலாசாலை வந்த பிறகுதான், விண்ணப்பம் போடுகிற எவரும் “எனக்கும் கற்றுக் கொடுங்கள்” என்று உரிமையோடு கேட்க முடிந்தது. ராஜா ஸர் அண்ணாமலை செட்டியார் 1929-ல் சிதம்பரத்தில் சங்கீதக் கல்லூரி தொடங்கியபோதும், 1941-ல் அண்ணாமலை நகரில் தமிழிசை மகாநாடு கூடியபோதும், 1943-ல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியபோதும் உள்ளே இருந்த ஆசை அதுதான்: இசை சிலருடைய சொத்தாக இராமல், ஜனங்களின் பாஷையில் ஜனங்களுக்கு எட்ட வேண்டும் என்பது. 2013-ல் இசைக்கும் கவின் கலைகளுக்கும் தமிழ்நாட்டில் தனிச் சர்வகலாசாலையே ஏற்பட்டது.

ஆகவே, மூன்று வருஷத்தில் கச்சேரி வித்வாம்சினி உருவாக வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமல்ல. சாஸ்திரம் அறிந்து, தாளம் தவறாமல், பிறருக்குப் பிழையின்றிச் சொல்லிக் கொடுக்கக் கூடிய ஆசிரியை உருவானால் போதும். அவளால் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடமே பாடும். வித்வத் அதற்கு மேலே, அவரவர் சாதகத்தால் வர வேண்டியது.

இனி இரண்டாவது வாசல். நாம் அதிகக் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். வாரத்துக்கு இரண்டு மணி நேரத்தில் பாடக் கற்பிக்க முயன்றால், மாணவி ஸரளி வரிசையின் பாதியில் நின்றுவிடுவாள். பரீட்சைக்காக 72 மேளகர்த்தாக்களின் பெயரை நெட்டுருப் போட்டு, மறு வாரமே மறந்தும் போவாள். அந்த இரண்டு மணி நேரத்தில் அவளுக்குக் கற்பிக்க வேண்டியது பாடுவதை அல்ல, கேட்பதை.

கேட்பது சாமான்ய வித்தை என்று எண்ண வேண்டாம். ஸர் சி. வி. ராமன் பௌதிக சாஸ்திரி. சங்கீதப் பட்டதாரி அல்லர். ஆயினும் 1920-ல் அவர் மிருதங்கத்தின் நாதத்தை ஆராய்ந்து எழுதினார். சாதாரணப் பறையின் தோலிலிருந்து எழும் உபநாதங்கள் ஒன்றோடொன்று இசைவதில்லை. மிருதங்கத்தின் வலந்தலையில் நடுவே கறுப்பாக இடுகிறார்களே, அந்தக் கரணையின் பாரம் தோலின் அதிர்வை மாற்றி, உபநாதங்களைச் சுருதியோடு இசையும்படி செய்கிறது என்று அவர் காட்டினார். பெயர் தெரியாத நமது தொழிலாளிகள் காதால் கண்டுபிடித்ததை, பௌதிகம் படித்த ஒரு காது விளக்கிச் சொல்லிற்று. கொடைக்கானலில் பௌதிகம் படிக்கும் பெண்ணுக்கு இந்த ஒரு பாடத்தை மிருதங்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லிக் கொடுத்தால், அவள் ஆயுள் முழுதும் மறப்பாளா?

கணிதம் படிக்கிறவளுக்கு அருணகிரிநாதர் இருக்கிறார். பழனியைப் பாடிய திருப்புகழ்ச் சந்தங்களைக் கையில் தாளம் போட்டு எண்ணச் சொன்னால், பின்னமும் மடங்கும் தாமாகவே விளங்கும். தமிழ் படிக்கிறவளுக்குத் தொல்காப்பியம் இருக்கிறது. ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களில் பறையையும் யாழையும் சேர்த்தது அந்த நூல். குறிஞ்சிக்குத் தொண்டகப் பறையும் குறிஞ்சி யாழும் என்று உரையாசிரியர்கள் சொல்வார்கள். குறிஞ்சி நிலத்திலேயே உட்கார்ந்து அதைப் படிக்கும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்!

அதே ஊரில், 1901-ல் அமெரிக்க மிஷனரிகளின் குழந்தைகளுக்காகத் தொடங்கிய பள்ளிக்கூடம் இன்று கொடைக்கானல் சர்வதேசப் பள்ளியாக விளங்குகிறது. அங்கே அனுசரிக்கும் சர்வதேசப் பாடத்திட்டத்தில், விஞ்ஞானம் படிக்கும் மாணவனும் சங்கீதத்தை ஒரு முழுப் பாடமாகவே எடுத்துக்கொள்ளலாம். பெரிய அளவிலும் எடுக்கலாம், சிறிய அளவிலும் எடுக்கலாம். வசதியுள்ள குழந்தைகளுக்குச் சரியென்று தோன்றும் இந்த ஏற்பாடு, நமது கிராமத்துப் பெண்களுக்கு மட்டும் ஆடம்பரமாகிவிடுமா?

செலவு அதிகமில்லை. ஒரு தம்பூரா, ஒரு மிருதங்கம், நல்ல இசைத்தட்டுப் பதிவுகள், பழனியிலிருந்து வருஷத்துக்கு நாலு முறை மலையேறி வந்து வாசித்து விளக்க ஒரு நாகஸ்வர கோஷ்டி, மலைவாசிகளான பளியர்களிடம் போய் அவர்கள் பாட்டைப் பணிவோடு கேட்டு எழுதிவர ஒரு நாள் - இவ்வளவு போதும். முதன்மையாகச் சங்கீதம் படிக்கும் பெண்களே மற்றவர்களுக்கு உதவி ஆசிரியைகளாக இருக்கலாம். கற்பித்தலில் அவர்களுக்கும் பயிற்சியாகும்.

பாடுகிறவர்கள் பத்துப் பேரும் கேட்கத் தெரிந்தவர்கள் ஆயிரம் பேரும் இருந்தால்தான் ஒரு தேசத்தில் சங்கீதம் பிழைக்கும். பத்துப் பேருக்குப் பட்டம் கொடுப்பதோடு சர்வகலாசாலைகளின் கடமை தீர்ந்துவிடவில்லை. அடுத்த வருஷப் பாடத்திட்டத்தை வகுக்கும் பெரியோர்கள், அந்த இரண்டு மணி நேரத்தின்மீது சற்றுக் கண் வைப்பார்களாக!