கைக்கடிகாரம் காட்டும் கலோரி

மங்கலம்பேட்டை போன்ற சிற்றூர்களிலும் இன்று காலை நடைக்குப் போகிறவர்களின் கையில் கடிகாரமோ பையில் செல்போனோ இருக்கிறது. நடந்து முடித்ததும் அது ஓர் எண்ணைக் காட்டுகிறது: 210 கலோரி. உடம்பில் அவ்வளவு எரிந்துவிட்டது, அந்த அளவுக்குக் கூடுதலாகச் சாப்பிடலாம் என்று நம்புகிறார்கள். இந்த நம்பிக்கை தவறானது. அந்த எண் அளந்து சொன்னதல்ல. பெரும்பாலும் எடை, நேரம், செயலின் கடுமையைக் குறிக்கும் 'மெட்' என்னும் அலகு ஆகியவற்றைப் பெருக்கி வருவது. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் கிலோ எடைக்கு மணிக்கு ஒரு கலோரி செலவிடுகிறார் என்பது அதன் அடிப்படை. 70 கிலோ எடையுள்ள 40 வயது ஆண் ஒருவரை வைத்துக் கணித்த அளவு அது. 2005இல் வெளியான ஆய்வொன்று 769 பேரைச் சோதித்து, இந்தக் கணக்கு சராசரியாக 20 சதவீதம் மிகை என்று கண்டது. இந்தியர்களின் ஓய்வுநிலைச் செலவு மேல்நாட்டுச் சூத்திரங்கள் சொல்வதைவிடக் குறைவு என்பதால், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் 5 சதவீதத்தைக் கழித்தே கணக்கிட்டது. கடையில் வாங்கும் கருவி இதையெல்லாம் கழித்துத்தான் காட்டுகிறது என்பதற்கு நமக்கு எந்த உறுதியும் இல்லை.

கடிகாரம் நாடித்துடிப்பைப் பார்க்கிறதே, அது பொய்யாகுமா என்று கேட்கலாம். துடிப்பை அது ஓரளவு சரியாகவே எண்ணுகிறது. அதைக் கலோரியாக மாற்றும்போதுதான் சறுக்குகிறது. 2017இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 60 பேரிடம் ஏழு கருவிகளைச் சோதித்தபோது, கலோரிக் கணக்கில் மிகச் சிறந்த கருவியே சராசரியாக 27 சதவீதம் தவறியது. மிக மோசமானது 93 சதவீதம். நம் ஊர் வெயிலில் இன்னொரு சிக்கலும் உண்டு. உடம்புச் சூட்டைத் தணிக்கத் தோலுக்கு அதிக ரத்தம் போவதால், வேலை கூடாமலேயே நாடி வேகமெடுக்கும். கருவியோ அதை உழைப்பென்று எடுத்துக்கொள்ளும். வியர்த்தால் கொழுப்பு கரையும் என்பதும் இதே வகைப் பிழைதான். விருத்தாசலத்துப் பீங்கான் சூளை வாசலில், வெந்த அகல்களை எடுத்து அடுக்குகிறவரின் சட்டை சீக்கிரமே நனைந்துவிடுகிறது. ஒரு கிராம் வியர்வை ஆவியானால் சுமார் 0.58 கலோரி வெப்பம் தோலை விட்டு வெளியேறும். ஆனால் அதில் பெரும்பங்கு சூளை தந்த வெப்பமே. அவர் கொழுப்பை எரிப்பது குனிந்து, தூக்கி, நடக்கும் வேலையால். குறைந்த எடையோ தண்ணீர் குடித்ததும் திரும்பிவிடும்.

அந்த 210ஐயே சரியென்று வைத்துக்கொண்டாலும் கணக்கு தேறாது. 60 கிலோ எடையுள்ளவர் மணிக்கு ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மணி நேரம் நடந்தால் வரும் தொகை அது. வீட்டில் உட்கார்ந்திருந்தாலும் அந்த நேரத்தில் அவருக்கு ஏறக்குறைய 60 செலவாகியிருக்கும். எனவே நடையால் கூடியது 150. அதுவும் முழுதாக நிற்பதில்லை. 1,754 பேரின் அன்றாடச் செலவை ஆராய்ந்து 2021இல் வெளிவந்த முடிவு, உடற்பயிற்சியில் செலவாவதில் சராசரியாக 28 சதவீதத்தை உடம்பு வேறு செலவுகளைக் குறைத்து ஈடுகட்டிக்கொள்கிறது என்கிறது. மிஞ்சுவது சுமார் 110. பன்னிரண்டு கிராம் எண்ணெயில் இருக்கும் சத்து. வடைச் சட்டியின் பக்கத்தில் நிற்பவருக்கு இது எவ்வளவு சொற்பம் என்பது தெரியும்.

எண் தவறானாலும் நடக்கத் தூண்டுகிறதே என்பது நியாயமான வாதம். ஒரே கருவியை ஒரே ஆள் கட்டிக்கொண்டு, நேற்றைய நடையோடு இன்றையதை ஒப்பிடுவதில் பெரிய தவறில்லை. தட்பவெப்பம் ஒன்றாக இருந்தால் போதும். ஆனால் அதைச் சாப்பாட்டுக்கான வரவாக எழுதும்போது கெடுதல் தொடங்குகிறது. தினமும் நடந்தும் எடை குறையவில்லையே என்று மனம் தளர்ந்து நடையையே விட்டுவிடுகிறவர்கள், அதிலும் சர்க்கரை நோயாளிகள், இழப்பது மிக அதிகம். நடக்கும்போது தசைகள் இன்சுலினை எதிர்பார்க்காமலேயே ரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்துக்கொள்கின்றன. எந்தக் கலோரி எண்ணிலும் அந்தப் பலன் தெரியாது. வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உழைப்பு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் நிமிடக் கணக்கைத்தான். அதைப் பார்க்கச் சாதாரணக் கடிகாரமும், மாதத்துக்கு இரண்டு முறை ஏறி நிற்க ஓர் எடை மெஷினும் போதும்.