பூட்டி வைத்த பட்டம்

படித்தாகிவிட்டது. பரீட்சையிலும் தேறியாகிவிட்டது. ஆனால் பட்டம் கைக்கு வரவில்லை!

ஏன்?

"கட்டணப் பாக்கி இருக்கிறது. அதைக் கட்டு. பிறகு பட்டத்தை வாங்கிக்கொண்டு போ" என்கிறது பல்கலைக்கழக ஆபீஸ்.

பாக்கியைக் கட்டப் பணம் வேண்டும். பணத்துக்கு வேலை வேண்டும். வேலை கேட்டுப் போனால், "பட்டம் எங்கே?" என்கிறார்கள். பட்டமோ ஆபீஸ் அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது.

செக்கு மாடு சுற்றுவது போலச் சுற்ற வேண்டியதுதான்.

தென் ஆப்பிரிக்காவில் ஏழை வீட்டுப் பிள்ளைகள் பல ஆண்டுகளாகப் பட்டுவரும் கஷ்டம் இது. அந்த நாட்டு மாணவர்கள் 2015ம் ஆண்டில் நடத்திய பெரும் கிளர்ச்சியை உலகமே பார்த்தது. "கட்டணம் வீழ வேண்டும்" என்பது அவர்கள் கோஷம். அந்தக் கிளர்ச்சியில் அவர்கள் வென்றார்களா, தோற்றார்களா? இரண்டும் உண்டு. அதைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

இரண்டு மாதச் சம்பளம்

ஜோகன்னஸ்பர்க் நகரில் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது. பெயர் நீளம். அதனால் "விட்ஸ்" என்று சுருக்கி அழைப்பார்கள். தங்கச் சுரங்கம் இருக்கும் ஊரில், பணக்காரப் பல்கலைக்கழகம்.

2016ம் ஆண்டுக்குக் கட்டணத்தை 10½ சதவீதம் உயர்த்தப் போவதாக விட்ஸ் அறிவித்தது.

"பத்துச் சதவீதம்தானே! இதற்கா இத்தனை கூச்சல்?" என்று சிலர் கேட்டார்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மாணவி ஆண்டுக்கு 40,000 ராண்ட் கட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். (ராண்ட் என்பது அந்த நாட்டு நாணயம். அப்போது ஒரு ராண்ட் நம் காசில் சுமார் 5 ரூபாய்.) உயர்வு மட்டும் 4,200 ராண்ட் ஆகிறது. அந்தச் சமயத்தில், வீட்டுவேலை செய்யும் பெண்ணுக்கு நகரங்களில் சர்க்கார் வகுத்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் சுமார் 2,000 ராண்ட்.

ஆக, உயர்வுக்கு மட்டும் அந்தத் தாயின் இரண்டு மாதச் சம்பளம் போய்விடும். மொத்தக் கட்டணத்தைக் கட்ட, சோறு தண்ணீர் இல்லாமல் 20 மாதச் சம்பளத்தைக் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். ஓர் ஆண்டுக்கு 12 மாதம்தானே!

2015ம் ஆண்டு அக்டோபர் 14ந் தேதி விட்ஸ் மாணவர்கள் வாசல்களை அடைத்து உட்கார்ந்துவிட்டார்கள். உள்ளே போகும் கார் இல்லை. வெளியே வரும் கார் இல்லை. முன்னால் நின்று நடத்தியவர்களில் மாணவர் மன்றத்தின் தலைவிகள் இருவர். ஒருவர் பதவிக்காலம் முடிந்தவர். மற்றவர் புதிதாக வந்தவர். துணைவேந்தர் ஆடம் ஹபீப், மாணவர்கள் நடுவே தரையில் உட்கார்ந்து பேச வேண்டியதாயிற்று.

ஒரு வாரத்துக்குள் நெருப்பு போலப் பரவியது. 21ந் தேதி கேப்டவுனில் பார்லிமெண்டு வாசலுக்கே மாணவர்கள் வந்துவிட்டார்கள். உள்ளே நிதி மந்திரி கணக்கு வாசித்துக்கொண்டிருந்தார். வெளியே போலீசார் அதிர்வெடிகளை வீசினார்கள்.

23ந் தேதி பிரிட்டோரியாவில் சர்க்கார் தலைமைச் செயலகத்தின் முன் புல்வெளியில் ஆயிரக்கணக்கில் கூடினார்கள். ஜனாதிபதி ஜேக்கப் ஜூமா வெளியே வந்து முகம் காட்டவில்லை. ஆனால் டெலிவிஷனில் தோன்றினார். "அடுத்த ஆண்டு கட்டண உயர்வு கிடையாது" என்று அறிவித்தார்.

பத்தே நாளில் வெற்றி!

கூட்டுகிறவர்களும் சேர்ந்தார்கள்

இதில் நம் மனதைத் தொட்ட செய்தி ஒன்று உண்டு. பெரிய பத்திரிகைகளில் அது மூலையில்தான் வந்தது.

பல்கலைக்கழகங்களில் கூட்டிப் பெருக்குகிறவர்கள், காவல் நிற்பவர்கள், சமையல்காரர்கள் எல்லாம் காண்டிராக்டர்களின் ஆட்களாக இருந்தார்கள். குறைந்த கூலி. மாணவர்கள் தங்களுக்கு மட்டும் கேட்கவில்லை. "இவர்களைப் பல்கலைக்கழகமே நேரடியாக வேலைக்கு வைக்க வேண்டும்" என்றும் கேட்டார்கள்.

கேப்டவுன் பல்கலைக்கழகம் அந்த அக்டோபர் மாதத்திலேயே சம்மதித்தது. விட்ஸும் பிறகு சம்மதித்தது. நேரடி ஊழியர் ஆகிவிட்டால், ஊழியர் பிள்ளைகளுக்கு உள்ள கட்டணச் சலுகையும் உண்டு. நேற்றுவரை கல்லூரித் தாழ்வாரத்தைக் கூட்டியவர், தம் மகளை அதே கல்லூரிக்கு அனுப்ப வழி பிறந்தது.

நம்மவர் கதை

தென் ஆப்பிரிக்கா எங்கேயோ இருக்கிறது, நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். அங்கே கல்விக்காகப் பட்ட பாட்டில் தமிழருக்கும் பங்கு உண்டு.

1860ம் ஆண்டு நவம்பர் மாதம், "டுரூரோ" என்ற கப்பல் சென்னையிலிருந்து டர்பன் துறைமுகம் போய்ச் சேர்ந்தது. கரும்புத் தோட்டத்தில் ஒப்பந்தக் கூலியாக வேலை செய்யப் போனவர்கள் அதில் இருந்தார்கள். அவர்களுக்குப் பின் பல கப்பல்கள். வெட்டியது கரும்பு, கிடைத்தது கசப்பு.

அவர்களுடைய பிள்ளைகளுக்கு உயர்நிலைப் பள்ளி என்பதே அரிது. வலங்கைமானில் பிறந்த சீனிவாச சாஸ்திரி, இந்தியாவின் பிரதிநிதியாக 1927ல் அங்கே போனார். இந்திய வியாபாரிகளிடமும் மற்றவர்களிடமும் பணம் திரட்டினார். 1929ல் டர்பனில் ஒரு கல்லூரி எழுந்தது. பெயர் சாஸ்திரி கல்லூரி. பெயரளவில் கல்லூரி; உண்மையில் உயர்நிலைப் பள்ளி. இருந்தாலும் அது பெரிய காரியம்.

அதே ஊரில் வெள்ளையர் பிள்ளைகளுக்காகக் குன்றின் மேல் ஹோவர்டு கல்லூரி கட்டினார்கள். அங்கே கறுப்பருக்கும் இந்தியருக்கும் இடமில்லை. 1936 முதல் அவர்களுக்குப் பட்ட வகுப்பு தனியாக நடந்தது. எங்கே? சாஸ்திரி கல்லூரியில்! பகலில் வேலை செய்தவர்கள், பள்ளிப் பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு அவர்களுடைய பெஞ்சில் உட்கார்ந்து பட்டத்துக்குப் படித்தார்கள்.

1959ல் நிறவெறிச் சர்க்கார் இன்னும் ஒரு படி போனது. இனத்துக்கு ஒரு கல்லூரி என்று சட்டம் போட்டது. இந்தியருக்கு ஒதுக்கியது எது தெரியுமா? டர்பன் துறைமுகத்தில் சாலிஸ்பரி தீவு என்ற இடத்தில் இருந்த பழைய ராணுவப் பாசறை. 1961ல் அங்கே வகுப்புகள் தொடங்கின. 1972ல்தான் அது வெஸ்ட்வில் மலைக்கு மாறியது.

ஆகவே அந்த மண்ணில் "படிக்க வேண்டும்" என்பது வெறும் ஆசையாக இருந்ததில்லை. ஒவ்வொரு தலைமுறையும் ஒரு கதவை முட்டித் திறந்திருக்கிறது. 1955ல் கிளிப்டவுனில் கூடிய விடுதலை மாநாடு, கல்விக் கதவு எல்லாருக்கும் திறக்கும் என்று சாசனம் எழுதியது. 1994ல் மண்டேலா ஆட்சிக்கு வந்தார். இனக் கதவு திறந்தது. திறந்த வாசலில் கட்டணச் சீட்டு தொங்கியது.

நெருப்பு வைத்தது தவறு

2016ல் கிளர்ச்சி மறுபடி வெடித்தது. அடுத்த ஆண்டு 8 சதவீதம் வரை உயர்த்தலாம் என்று மந்திரி சொன்னார். பல கல்லூரிகள் வாரக்கணக்கில் மூடிக் கிடந்தன. போலீசார் ரப்பர் குண்டு சுட்டார்கள்.

மந்திரி அறிவிப்பதற்குச் சில நாள் முன்பே, செப்டம்பர் தொடக்கத்தில், ஹோவர்டு கல்லூரியின் சட்ட நூலகத்துக்கு யாரோ தீ வைத்துவிட்டார்கள்.

இதற்கு எந்தச் சமாதானமும் நாம் ஏற்கமாட்டோம். பாட்டனை உள்ளே விடாத கட்டடம் அது. பேரன் உள்ளே போக முடிந்தது. அந்தப் பேரன் புரட்ட வேண்டிய புத்தகம் சாம்பலாயிற்று. பணக்கார மாணவன் வேறு இடத்தில் புத்தகம் வாங்கிக்கொள்வான். நஷ்டம் யாருக்கு?

போலீசார் பக்கத்தையும் மறந்துவிடக் கூடாது. 2021 மார்ச்சில், பழைய பாக்கி உள்ள மாணவர்களைச் சேர்க்க மறுத்ததால் விட்ஸில் மீண்டும் மறியல். போலீசார் ரப்பர் குண்டு சுட்டதில் ஒருவர் இறந்தார். அவர் மாணவரும் அல்ல, மறியல்காரரும் அல்ல. டாக்டரைப் பார்த்துவிட்டுத் தெருவுக்கு வந்த 35 வயதுக்காரர். நான்கு போலீசார் மீது வழக்கு நடந்தது. 2023ல் நால்வரும் விடுதலை ஆனார்கள்.

கதவு பாதி திறந்தது

2017 டிசம்பர் 16ந் தேதி ஜனாதிபதி ஜூமா இன்னொரு அறிவிப்புச் செய்தார். அவருடைய கட்சி மாநாடு தொடங்கிய அதே நாள்! (தேதியைத் தேர்ந்தெடுப்பதில் அரசியல்வாதிகள் எல்லா நாட்டிலும் கெட்டிக்காரர்கள்தான்.) ஆண்டுக்கு 3½ லட்சம் ராண்ட் வரை வருமானம் உள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு, 2018 முதல் உயர்கல்வி இலவசம். முன்பு கடனாகக் கொடுத்த சர்க்கார் உதவி, திருப்பித் தர வேண்டாத உதவியாக மாறியது.

இது சிறிய வெற்றி அல்ல. கிளர்ச்சி இல்லாமல் இது வந்திருக்காது.

ஆனால் 3½ லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே இருப்பவர்கள்? தகப்பனார் வாத்தியார், தாயார் நர்ஸ் என்றால் வருமானம் கோட்டைத் தாண்டிவிடுகிறது. இலவசம் இல்லை. கட்டவும் முடியாது. பாங்கி கடன் கொடுக்க அடமானம் கேட்கிறது. இந்தக் குடும்பங்களை அங்கே "விடுபட்ட நடுத்தட்டு" என்று சொல்கிறார்கள். இலவசம் பெற்றவர்களுக்கும் சாப்பாட்டுப் பணமும் வாடகைப் பணமும் நேரத்தில் வராத ஆண்டுகள் உண்டு.

இப்படிச் சேர்ந்த பாக்கி நாடு முழுவதும் ஆயிரம் கோடி ராண்டுக்கு மேல் போய்விட்டது.

காகிதத்தின் விலை

"இவ்வளவு கஷ்டப்பட்டுப் படித்து என்ன பயன்? பட்டதாரிகளே வேலை இல்லாமல் திரிகிறார்கள்!" என்று பலரும் சொல்கிறார்கள். டீக்கடையில் நம் ஊரிலும் கேட்கிற பேச்சுதான்.

தென் ஆப்பிரிக்காவின் கணக்கைப் பாருங்கள். 2024ம் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில், வேலைக்குத் தயாராக இருந்த 100 பேரில் சுமார் 33 பேருக்கு வேலை இல்லை. பள்ளி இறுதி வகுப்புத் தேறாதவர்களில் 100க்கு சுமார் 39 பேர். பட்டதாரிகளில்? சுமார் 12 பேர்தான்.

பன்னிரண்டு பேர் வேலையில்லாமல் இருப்பது வருத்தமே. ஆனால் முப்பத்தொன்பது எங்கே, பன்னிரண்டு எங்கே! பட்டத்துக்கு மதிப்புப் போய்விட்டது என்று பேசுகிறவர்கள் அனேகமாகப் பட்டம் பெற்றவர்களாகவே இருக்கிறார்கள். இதை எழுதுகிறவனும் ஒரு பட்டதாரி. என் பட்டம் டிரங்குப் பெட்டியின் அடியில் கிடக்கிறது. எடுத்துப் பார்த்து வருஷமாகிறது. ஆனால் அது பெட்டியில் இருக்கிறது என்ற தைரியத்தில்தான் முதல் வேலைக்கு மனு எழுதினேன். அதற்காக என் தாயார் கழற்றிய வளையல்கள் திரும்ப வரவே இல்லை.

எனவேதான் சொல்கிறோம்: கட்டணம் எவ்வளவு என்பது பற்றி விவாதம் செய்யலாம். பல்கலைக்கழகத்துக்கும் செலவு உண்டு. ஆசிரியருக்குச் சம்பளம், சோதனைச் சாலைக்குக் கருவி, விடுதிக்கு விளக்கு. சர்க்கார் கொடுப்பது போதவில்லை என்று அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் தேறியவனின் பட்டத்தைப் பூட்டி வைப்பதில் நியாயமும் இல்லை, லாபமும் இல்லை. தச்சனிடம் கடன் பாக்கி என்றால், அவன் உளியையும் வாள்பட்டையையும் பிடுங்கி வைத்துக்கொண்டு, "வேலை செய்து கடனைக் கட்டு" என்று யாராவது சொல்வார்களா?

கடனை வசூலிக்க வேறு வழி இல்லையா? ஆஸ்திரேலியாவில் 1989 முதல் ஒரு முறை இருக்கிறது. படிக்கும்போது பணம் கேட்பதில்லை. வேலை கிடைத்து, சம்பளம் ஓர் அளவைத் தாண்டிய பிறகு, வரியோடு சேர்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொள்கிறார்கள். சம்பளம் இல்லாத ஆண்டில் பிடித்தமும் இல்லை. அந்த முறையிலும் குறை சொல்பவர்கள் உண்டு. கடன் கடன்தான். ஆனால் பட்டம் மாணவன் கையில் இருக்கிறது. அதைக் காட்டி அவன் வேலை தேடுகிறான்.

தென் ஆப்பிரிக்காவில் சில பல்கலைக்கழகங்கள் இப்போது சற்று இறங்கி வந்திருக்கின்றன. "இன்னார் தேறிவிட்டார்" என்று ஒரு கடிதம் கொடுக்கின்றன. அந்தக் கடிதத்தைக் காட்டி வேலைக்கு மனுப் போடலாம்.

கடிதத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்ட முடியாது என்று தாய்மார்கள் வருத்தப்படுவார்கள். போகட்டும், வேலை கிடைத்தால் சரி. ஆனால் அசல் பட்டத்தையே கொடுத்தால் பல்கலைக்கழகத்துக்கு என்ன குறைந்துவிடும்? அலமாரியில் தூசி தட்டுகிற வேலையாவது மிச்சம்!