நாளைக்கு அரிசி யார் ஊறப்போடுவது?

திங்கட்கிழமை காலையில் தட்டில் இட்லி விழ வேண்டுமானால், ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே யாராவது ஒருத்தர் திங்கட்கிழமையை நினைத்திருக்க வேண்டும். நாலு டம்ளர் இட்லி அரிசி, ஒரு டம்ளர் உளுந்து, கொஞ்சம் வெந்தயம். ஊற ஒரு பொழுது, ஆட்ட ஒரு மணி நேரம், பொங்க ஒரு ராத்திரி. மார்கழிக் குளிரில் மாவு லேசில் அசையாது. அப்போது இன்னும் சீக்கிரம் நினைத்தாக வேண்டும். எங்கள் வீட்டில் அந்த யாராவது ஒருத்தர் நான்தான். வேலைக்கும் போகிறவள் என்பதால் இந்த நினைப்பையெல்லாம் பஸ்ஸில் வைத்துக்கொள்கிறேன்.

என்னைப் போய்ப் பிடித்து உட்கார வைத்து, "நாளையைப் பத்தி யோசிக்காதீங்க மேடம். இந்த நொடியில இருங்க. வாழ்க்கையோட நோக்கம் தானா தெரியும்" என்கிறார்கள்.

சொன்னது ஆபீஸில் ஏற்பாடு செய்த மைண்ட்ஃபுல்னெஸ் வகுப்பில். வகுப்பு நடந்தது சனிக்கிழமை. மார்ச் மாதம், கணக்குப் பிரிவில் மூச்சு விட நேரமில்லை. கிடைத்த அரை நாள் லீவையும் பிடுங்கிக்கொண்டுதான் மன அமைதி கொடுத்தார்கள். பயிற்சி தர வந்த தம்பி நல்ல பையன், குரலை உயர்த்தவே இல்லை. ஆளுக்கு ஒரு உலர் திராட்சை கொடுத்தார். முதன்முதலாகப் பார்ப்பதுபோல் பாருங்கள், சுருக்கங்களைத் தடவுங்கள், முகருங்கள், காதருகே வைத்துக் கேளுங்கள், பிறகு நாக்கில் வைத்து மெல்லாமல் இருங்கள் என்றார். நான் காதருகே கொண்டுபோகும்போது மடியில் போன் அதிர்ந்தது. சிலிண்டர் வந்துவிட்டது, ஓடிபி சொல்ல வேண்டும். கனெக்‌ஷன் வீட்டுக்காரர் பெயரில், நம்பர் என்னுடையது. சொல்லாவிட்டால் வண்டி அடுத்த தெருவுக்குப் போய்விடும், வீட்டிலிருக்கிற அத்தை அதன் பின்னால் ஓட முடியாது. வாயில் திராட்சையோடு எண்களைக் கிசுகிசுத்தேன். தம்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். "மேடம் இங்க இல்ல போலிருக்கே?" எல்லோரும் சிரித்தார்கள்.

அந்தத் திராட்சைக்கு ஒரு கதை இருக்கிறது, அதை அவர் சொல்லவில்லை. 1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஜான் கபாட்-ஜின் என்பவர் பயிற்சி ஒன்றைத் தொடங்கினார். அதில் வருகிற திராட்சைதான் இது. அவரிடம் வந்தவர்களில் பலர் நாள்பட்ட வலிக்காரர்கள். மருந்து தந்து தந்து டாக்டர்களுக்கே அலுத்துப் போனவர்கள். போகாத வலியோடு எப்படிக் காலம் தள்ளுவது என்பதற்கு அவர் ஒரு வழி சொன்னார். அது நியாயம், அதில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. எங்களுக்கோ போகக்கூடிய வலிதான். இன்னும் ரெண்டு ஆளை வேலைக்கு எடுத்தால் போய்விடும்.

அப்புறம் தம்பி திரையில் ஒரு ஆய்வைக் காட்டினார். 2010-இல் ஹார்வர்டைச் சேர்ந்த கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் என்ற இருவர் 2,250 பேரிடம் போன் வழியாக நேரங்கெட்ட நேரத்திலெல்லாம் கேள்வி கேட்டிருக்கிறார்கள்: இப்போது என்ன செய்கிறீர்கள், மனம் அதில் இருக்கிறதா, எப்படி இருக்கிறீர்கள் என்று. கிட்டத்தட்ட 47 சதவீத நேரம் மனம் வேறெங்கோ இருந்ததாம். அப்படி அலைகிற மனம் சந்தோஷமாக இல்லையாம். இருக்கட்டும். என் மனம் ஒன்றும் ஊர் சுற்றப் போகவில்லையே, சிலிண்டர் வாங்கத்தானே போனது?

அதற்கு மூன்று வருஷம் கழித்து, 2013-இல், ராய் பாமைஸ்டரும் அவர் கூட்டாளிகளும் சுமார் 400 அமெரிக்கர்களிடம் வேறொரு கணக்கு எடுத்தார்கள். சந்தோஷம் வேறு, வாழ்க்கைக்கு அர்த்தம் இருக்கிறது என்ற உணர்வு வேறு என்று பிரித்துக் கேட்டார்கள். சந்தோஷம் பெரும்பாலும் நிகழ்காலத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அர்த்தம் என்று வந்தபோதோ நேற்றையும் நாளையும் சேர்த்து யோசிக்கிறவர்கள், அடுத்தவருக்காகப் பாடுபடுகிறவர்கள், கவலையும் பதற்றமும் கூடுதலாக உள்ளவர்கள், இவர்கள் பக்கம்தான் அது நின்றது. ஒரே ஒரு ஆய்வு வேதவாக்காகிவிடாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நொடியில் இருந்தால் நிம்மதி கிடைக்கும் என்று சொல்லி விற்றால் வாங்கிக்கொள்கிறேன். நோக்கமும் கிடைக்கும் என்று சேர்த்து விற்கிறார்களே, அதுதான் பொறுக்கவில்லை. எனக்கு நோக்கத்துக்கா பஞ்சம்? வேண்டுமானால் ரெண்டு மூன்றைக் கடனாகத் தருகிறேன், எடுத்துக்கொண்டு போகட்டும்.

வீட்டிலும் இதே பாட்டுதான். வீட்டுக்காரர் போனில் ஒரு தியான ஆப் வைத்திருக்கிறார். காலையில் குக்கர் விசில் தொந்தரவு பண்ணாதபடி காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஹாலில் உட்காருவார். இந்தக் கணத்தில் மட்டும் இரு என்று சொல்கிற அதே ஆப், எத்தனை நாள் விடாமல் உட்கார்ந்தீர்கள் என்று எண்ணிக்கொண்டே வருகிறது. ஒரு நாள் தவறினால் கணக்கு சைபராகிவிடுமாம், அதற்கு இவர் படுகிற பதற்றம் தனி. கண்ணைத் திறந்ததும் முகம் தெளிந்திருக்கும். "இன்னைக்கு என்ன டிபன்?" என்பார். நான் முகத்தைச் சுளித்தால், "பாத்திரம் தேய்க்கிறதுகூட தியானம்தான், அந்த வியட்நாம் சாமியாரே சொல்லியிருக்கார்" என்பார். தேய்க்கிறவர் சொன்னால் அது தியானம். ஹாலில் சாய்ந்துகொண்டு சொன்னால் அதற்கு வேறு பெயர்.

சாமியார் சொன்னது உண்மைதான். திக் நாட் ஹான். தேய்க்கும்போது தேய்ப்பதற்காகவே தேய் என்கிற மாதிரி ஒரு புத்தகத்தில் எழுதியிருக்கிறார். எங்கிருந்து வந்த புத்தகம் அது? 1974-இல் அவர் நாட்டைவிட்டு வெளியே இருந்தபோது, வியட்நாமில் அவர் ஆரம்பித்த சமூக சேவைப் பள்ளியில் வேலை பார்த்த ஒருவருக்கு எழுதிய நீண்ட கடிதம். குண்டு விழுந்த கிராமங்களில் வீடு கட்டிக்கொடுத்தும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லியும் உழைத்த இளைஞர்களின் பள்ளி அது. அவர்களுக்கு நோக்கம் இல்லாமலா இருந்தது? கழுத்துவரை இருந்தது. அந்தச் சுமையில் உடைந்துபோகாமல் இருக்கத்தான் மூச்சைக் கவனி, கையிலிருக்கிற வேலையைக் கவனி என்றார். இங்கே நோக்கத்தைத் தொலைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு அதே கடிதத்தை, நோக்கம் தேடித்தரும் கருவியாக்கிவிட்டார்கள். அதே புத்தகத்தின் தொடக்கத்தில், பிள்ளை குட்டிக்காரரான ஒரு நண்பர் வருகிறார். மகனின் பாடத்துக்கும் மனைவிக்கும் தருகிற நேரத்தைத் தன் நேரத்தில் பிய்த்துக் கொடுத்ததாக நினைக்காமல், அதுவும் தன் நேரம்தான் என்று நினைக்கப் பழகிவிட்டதாகச் சொல்கிறார். இந்தப் பகுதியை வீட்டுக்காரர் இன்னும் எடுத்துக்காட்டவில்லை.

கவனம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாததல்ல. உளுந்து ஆட்டும்போது கிரைண்டர் சத்தம் மாறும். முதலில் கரகரவென்று, பிறகு தொண்டை அடைத்த மாதிரி, கடைசியில் சளப் சளப்பென்று. கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்து, ஓரத்தில் ஒட்டியதை வழித்துவிட்டு, ஒரு துளியைக் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டுப் பார்ப்பேன். மிதந்தால் பதம். அந்த நேரத்தில் யார் கூப்பிட்டாலும் எனக்குக் காதில் விழாது. யாரும் கற்றுக்கொடுத்து வரவில்லை. காலையில் ஊறப்போட நினைத்ததால்தான் சாயங்காலம் அந்தக் கவனம் வாய்க்கிறது.

2019-இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிற பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிடுவது 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். செய்கிற ஆண்களை மட்டும் எடுத்தால்தான் அந்த 97. செய்கிறவர்களே நூற்றுக்கு 26 பேர். அதுவும் கை செய்கிற வேலையின் கணக்கு. அத்தையின் பிரஷர் மாத்திரை அட்டையைத் திருப்பி, உடையாத குமிழ்களை எண்ணி, வியாழனோடு தீர்கிறது, முனைக் கடைக்காரர் அந்தக் கம்பெனி மாத்திரையைச் சொல்லிவைத்தால்தான் வரவழைப்பார், ஆகவே செவ்வாயே சொல்லியாக வேண்டும் என்று மனதில் முடிச்சுப் போட்டுக்கொள்வதற்கு எத்தனை நிமிடம் என்று எழுதுவார்கள்? கரண்ட் பில்லுக்குக் கடைசி தேதி, பையனின் ரெக்கார்டு நோட்டு, சித்தி பேத்தி காதுகுத்துக்கு மொய், எல்லாம் அதன் பின்னாலேயே வரிசையில் நிற்கின்றன. இதில் பாதியை வேறொருத்தர் நினைத்துக்கொண்டால் போதும். நொடியில் இருப்பதற்கு எனக்கு வகுப்பே தேவைப்படாது, படுத்த இடத்திலேயே இருந்துவிடுவேன்.

வகுப்பு முடிந்ததும் ஒரு படிவம் அனுப்பினார்கள். வாழ்க்கையின் நோக்கம் இப்போது தெளிவாக இருக்கிறதா, 1 முதல் 5 வரை மதிப்பெண் தரவும். 5 போட்டேன், வகுப்புக்கு முன்பும் 5தான், அதைக் கேட்கிற கட்டம் அதில் இல்லை. ஆலோசனைப் பகுதியில் எழுதினேன்: அடுத்த முறை ஊழியர்களை விட்டுவிட்டு வீட்டுக்காரர்களைக் கூப்பிடுங்கள். திராட்சை வேண்டாம். ஆளுக்கொரு மாத்திரை அட்டை கொடுங்கள். பாருங்கள், தடவுங்கள், என்றைக்குத் தீரும் என்று சொல்லச் சொல்லுங்கள்.

பதில் வரவில்லை. இரண்டாம் வகுப்புக்கு அழைப்பு மட்டும் வந்திருக்கிறது. இதுவும் சனிக்கிழமைதான்.