அசைய விடாத அன்பு

பஞ்சாபி வீட்டுக்குள் புற்றுநோய் நுழைந்த மறுநாளே ஒரு சட்டம் அமலுக்கு வந்துவிடுகிறது: நோயாளி ஒரு துரும்பைக்கூட அசைக்கக் கூடாது. நேற்றுவரை வீட்டில் அத்தனை பேருக்கும் ரொட்டி தட்டிய அம்மாவின் கையிலிருந்து மாவுப் பாத்திரத்தை வாங்கிவிடுவார்கள். பேரனைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவந்த தாத்தாவை வாசல்படி தாண்ட விடமாட்டார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் பிளாஸ்கில் வெந்நீர், நெய் சொட்டும் பஞ்சீரி இனிப்பு, ஊறவைத்துத் தோலுரித்த பாதாம், ஒரு டம்ளர் பால். மருமகள் தட்டோடு வருவார். மகன் தலையணையைச் சரிசெய்வார். ஊரிலிருந்து போனில் பேசும் அத்தை, உடம்பை அலட்டிக்கொள்ளாதே, படுத்து ஓய்வெடு என்று இருபது தடவை சொல்லுவார். கனடாவின் சர்ரேயிலும் பிராம்ப்டனிலும் இதுதான் நடக்கிறது. லண்டன் சவுத்ஹாலிலும், பஞ்சாபின் மால்வா கிராமங்களிலும் இதேதான்.

இவர்கள் அன்பில்லாமல் இதைச் செய்வதாக யாரும் சொல்ல முடியாது. ஆனால் இந்த அன்பு நோயாளிக்குக் கெடுதல் செய்கிறது. புற்றுநோய்க்காரருக்கு ஓய்வே பாதி மருந்து என்ற நம்பிக்கை தவறானது. அந்தத் தவறுக்கு விலை கொடுப்பவர் கட்டிலில் கிடப்பவர்தான்.

படுக்கை உடம்பை என்ன செய்கிறது என்பது தெரியாத சங்கதி அல்ல. 2007-இல் அமெரிக்காவில் அறுபது வயது தாண்டிய, எந்த நோயும் இல்லாத சிலரைப் பத்து நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்தார்கள். இரண்டு கால்களிலிருந்து மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ தசை கரைந்திருந்தது. நன்றாக இருந்தவர்களுக்கே பத்து நாளில் இந்தக் கதி. கீமோ வாங்கி, வாய் கசந்து, சாப்பாடு இறங்காமல் ஆறு மாதம் படுத்திருக்கும் எழுபது வயதுக்காரரின் தொடையில் என்ன மிஞ்சும்? கழிப்பறைக்குப் போக எழும்போது அவர் தடுமாறினால், பார்த்தீர்களா, எவ்வளவு பலவீனம், இன்னும் ஓய்வு வேண்டும் என்கிறது வீடு. பலவீனத்தில் ஒரு பங்கை உண்டாக்கியதே அந்த ஓய்வுதான் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

புற்றுநோய் தரும் களைப்பு, நாள் முழுக்க வயலில் வேலை செய்தவனின் களைப்பு போன்றதல்ல. தூங்கி எழுந்தால் அது போகாது. பகலெல்லாம் தூங்கினால் ராத்தூக்கமும் கெட்டு இன்னும் கூடும். 113 ஆய்வுகளைச் சேர்த்து அலசி 2017-இல் வெளியான கட்டுரை ஒன்று, இந்தக் களைப்பைக் குறைப்பதில் உடற்பயிற்சியும் உளவியல் சிகிச்சையும் மாத்திரைகளை விட நன்றாக வேலை செய்வதைக் காட்டியது. உலகின் பல நாட்டு வல்லுநர்கள் கூடி 2019-இல் வெளியிட்ட பரிந்துரையும் எளிமையானதுதான்: வாரத்தில் மூன்று நாள், தடவைக்கு அரை மணி நேரம் நடை போன்ற மிதமான பயிற்சி, இரண்டு நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி. களைப்பு, பதற்றம், மனச்சோர்வு, உடல் இயக்கம் என்று எல்லாவற்றிலும் பலன் உண்டு என்றார்கள். குணப்படுத்தும் நோக்கத்தோடு தரப்படும் சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போதே மருத்துவர்கள் பயிற்சியைப் பரிந்துரைக்க வேண்டும் என்று அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் 2022-இல் எழுத்திலேயே வைத்தது.

மருத்துவ உலகம் முன்பு வேறு மாதிரி பேசியது உண்மைதான். மார்பக அறுவை சிகிச்சை முடிந்த பெண்களிடம், அந்தப் பக்கத்துக் கையால் எதையும் தூக்காதே, கை வீங்கிவிடும் என்றார்கள். பேரப் பிள்ளையைத் தூக்காதே, மாவுப் பையைத் தொடாதே. கை வீக்கம் ஏற்கெனவே இருந்த 141 பெண்களிடம் நடத்தி 2009-இல் வெளியிட்ட ஆய்வு இந்தப் பயத்தைப் போக்கியது. மேற்பார்வையில் மெல்ல மெல்ல எடை தூக்கப் பழகியவர்களுக்கு வீக்கம் கூடவில்லை. வீக்கம் முற்றித் தொல்லை தருவதும் மற்றவர்களை விடக் குறைவாகவே இருந்தது. மருத்துவம் தன் பேச்சை மாற்றிக்கொண்டுவிட்டது. பழைய பேச்சோ இன்னும் மாமியாரிடமிருந்து மருமகளுக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

ஆண்கள் விஷயமும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. முப்பது வருடம் லாரி ஓட்டியே உட்கார்ந்திருந்த ஒரு பெரியவருக்குப் புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஹார்மோன் ஊசி போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஊசி தசையைக் குறைக்கும், கொழுப்பைக் கூட்டும், எலும்பை மெலிய வைக்கும், சர்க்கரையை ஏற்றும். தெற்காசியர்களுக்குச் சர்க்கரை நோயும் மாரடைப்பும் மற்றவர்களை விட இளம் வயதிலேயே வருகின்றன என்பது நெடுநாளாகத் தெரிந்தது. அப்படிப்பட்ட உடம்பை நாற்காலியில் உட்காரவைத்து நெய் ஊட்டுவதைப் பராமரிப்பு என்று ஒப்புக்கொள்ள என்னால் முடியவில்லை.

இனி அடுத்த நம்பிக்கை. இது வீட்டில் இல்லை, மருத்துவமனையில் இருக்கிறது. பஞ்சாபி நோயாளிகளைப் பயிற்சி வகுப்புக்குக் கூப்பிட்டாலும் வரமாட்டார்கள், அவர்கள் பண்பாடு அப்படி என்பது. படித்தவர்கள், நல்லவர்கள் சொல்கிறார்கள் என்பதால் இது இன்னும் ஆபத்தானது. பழியைப் பண்பாட்டின் தலையில் போட்டுவிட்டால் வகுப்பை மாற்றவேண்டிய வேலை மிச்சமாகிவிடும்.

எந்தப் பண்பாட்டைச் சொல்கிறார்கள்? பதினாறாம் நூற்றாண்டில் குரு அங்கத் தேவ் கதூர் சாகிபில் மல்யுத்தக் களம் அமைத்து, வழிபாட்டோடு உடற்பயிற்சியையும் சேர்த்தார் என்பது சீக்கிய மரபு. அந்த இடத்தில் இன்றும் குருத்வாரா இருக்கிறது. லூதியானாவுக்குப் பக்கத்தில் கிலா ராய்ப்பூர் கிராம விளையாட்டு விழா தொடங்கியது 1933-இல். கபடியும் கத்கா என்னும் தற்காப்புக் கலையும் குஸ்தியும் புழங்கும் மண் அது. ஜலந்தர் பக்கத்து பியாஸ் கிராமத்தில் பிறந்த ஃபௌஜா சிங் 89 வயதில் லண்டன் மாரத்தானை ஓடி முடித்தார். 2011-இல், தன் நூறாவது வயதில், டொராண்டோவில் ஓடினார். 2025 ஜூலையில் அவர் இறந்தது நோயால் அல்ல. சொந்த ஊர்ச் சாலையில் கார் மோதி. உடம்பை அசைப்பது இந்த மக்களுக்கு அந்நியம் என்று சொல்பவர்கள் எந்த குருத்வாராவின் சமையற்கட்டையும் எட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். எண்பது வயதுப் பாட்டிகள் மணிக்கணக்கில் மாவு உருட்டிக்கொண்டிருப்பார்கள் அங்கே.

அவர்களுக்கு அந்நியம் உடற்பயிற்சிக்கூடம். சுற்றிலும் ஆளுயரக் கண்ணாடி, உடம்பை ஒட்டிய உடை, ஆணும் பெண்ணும் கலந்த வகுப்பு, ஆங்கிலத்தில் விரைந்து பேசும் இளைஞர். கார் ஓட்டத் தெரியாத அம்மா அங்கே போக மகன் வேலைக்கு லீவு போட வேண்டும். வகுப்பு காலை பத்து மணிக்கு. அந்த நேரத்தில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வதே அந்த அம்மாதான். மூன்று வாரம் வராவிட்டால் பெயரை அடித்துவிட்டு, ஆர்வமில்லை என்று எழுதிவிடுகிறார்கள்.

இதற்குப் பரிகாரமாகச் சில இடங்களில் செய்வது ஆங்கிலத் துண்டறிக்கையைப் பஞ்சாபியில் பெயர்த்து வரவேற்பறையில் அடுக்கிவைப்பது. எந்தப் பஞ்சாபியில்? கனடாவில் பெரும்பாலும் குர்முகி எழுத்தில். லாகூரிலிருந்தும் பைசலாபாத்திலிருந்தும் வந்த பஞ்சாபியருக்கு அந்த எழுத்தே தெரியாது. அவர்கள் உருது போல வலமிருந்து இடமாக எழுதும் ஷாமுகியில் வாசிப்பவர்கள். கிராமத்திலிருந்து வந்த மூதாட்டிகளில் பலருக்கு இரண்டுமே தெரியாது. பஞ்சாபி என்றாலே சீக்கியர் என்று எடுத்துக்கொள்ளும் திட்டம், அந்த மொழி பேசும் முஸ்லிம்களையும் இந்துக்களையும் கிறிஸ்தவர்களையும் முதல் நாளே வெளியே நிறுத்திவிடுகிறது. பாங்க்ரா பாட்டைப் போட்டு, சுவரில் மஞ்சள் துப்பட்டாவைக் கட்டினால் அது நம்மவர் வகுப்பாகிவிடாது.

காகிதம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஓர் அளவுகோல் இப்போது இருக்கிறது. பெரும்பாலும் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும், பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவையும் கீமோவும் முடித்த 889 பேரை 2009 முதல் பின்தொடர்ந்த ஆய்வு, 2025 ஜூனில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது. ஆல்பர்டா பல்கலைக்கழகத்தின் கெரி கோர்னியாவும் கிங்ஸ்டனைச் சேர்ந்த கிறிஸ்டோபர் பூத்தும் அதை நடத்தியவர்களில் முக்கியமானவர்கள். உடல்நலம் பற்றிய கையேடு எல்லோருக்கும் கிடைத்தது. பாதிப் பேருக்கு மட்டும் கூடவே மூன்று ஆண்டுக்கு ஒரு பயிற்சியாளரும் கிடைத்தார். எட்டாம் ஆண்டில், பயிற்சியாளர் கிடைத்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் உயிரோடு இருந்தார்கள். கையேடு மட்டும் கிடைத்தவர்களில் 83 பேர். இது பெருங்குடல் புற்றுநோய்க்கான முடிவு. எல்லாப் புற்றுநோய்க்கும் இப்படியே ஆயுள் கூடும் என்று இதை வைத்துச் சொல்லக் கூடாது. ஆனால் காகிதத்துக்கும் ஆளுக்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிடத் தெளிவாக யாரும் காட்டியதில்லை. பஞ்சாபி பேசும் நோயாளிக்கு நாம் கொடுத்துக்கொண்டிருப்பது அந்தக் கையேட்டை. அதையும் பலர் வாசிக்க முடியாத எழுத்தில்.

ஆளை அனுப்புங்கள். அதுவும் நோயாளியிடம் மட்டும் அல்ல, வீட்டாரிடம். இதைத்தான் திட்டம் வகுப்பவர்கள் திரும்பத் திரும்பத் தவறவிடுகிறார்கள். கூட்டுக் குடும்பத்தில் ஓய்வெடுப்பதா எழுந்து நடப்பதா என்பதை நோயாளி தனியாக முடிவு செய்வதில்லை. அம்மாவைப் பயிற்சிக்கு ஒப்புக்கொள்ள வைத்துவிட்டால் போதும் என்று நினைத்தால், சாயங்காலம் வேலையிலிருந்து வரும் மகன் ஒரே வார்த்தையில் அதை நிறுத்திவிடுவான். முதல் சந்திப்பிலேயே மகனும் மருமகளும் பக்கத்தில் உட்கார வேண்டும். அவர்கள் மொழியில் பேசத் தெரிந்த பயிற்சியாளர் அவர்கள் கண் முன்னாலேயே காட்டித்தர வேண்டும். ஜிம் தேவையில்லை, தனி உடை தேவையில்லை. சாப்பாட்டு மேசை நாற்காலி ஒன்று, நகராமல் சுவரோடு ஒட்டி. சல்வார் கமீஸோடு அம்மா அதில் நுனியில் உட்காரட்டும், கையை மார்பின் குறுக்கே கட்டட்டும், கையை ஊன்றாமல் எழட்டும், மெல்ல உட்காரட்டும். முதல் நாள் ஐந்து தடவை போதும். கைக்கு ஒரு கிலோ பருப்புப் பொட்டலம். நடக்கும்போது வேகம் சரியா என்று பார்க்க வாட்ச் எதற்கு? பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும், பாட மூச்சு போதக் கூடாது. அந்த அளவு சரி. அம்மா எழுந்து உட்கார்வதை மகன் தானே எண்ணிப் பார்த்தால் அவனுடைய பயம் பாதி அடங்கும்.

குருத்வாரா மண்டபத்தில் வகுப்பு வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்பவர்களிடமும் எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு. நல்ல யோசனைதான், ஆனால் அதையே முதல் படியாக வைக்கக் கூடாது. புற்றுநோய் என்று வெளியே தெரிந்தால் பெண்ணுக்கு வரன் அமையாது என்று மறைக்கும் குடும்பங்கள் நிறைய. சில வீடுகளில் நோயின் பெயரை நோயாளியிடமே சொல்லியிருக்க மாட்டார்கள். ஊரே கூடும் இடத்துக்குப் புற்றுநோய் வகுப்பு என்று பெயர் வைத்துக் கூப்பிட்டால் யார் வருவார்கள்? வீட்டில் தொடங்கி, போனிலும் வீடியோவிலும் தொடர்ந்து, துணிவு வந்தவர்களை மண்டபத்துக்கோ மசூதிக் கூடத்துக்கோ அழைத்து வருவதுதான் நடக்கிற காரியம். பெண்களுக்குத் தனி நேரம் ஒதுக்குவது அடிப்படைத் தேவை; அதைச் சலுகை போலப் பேச வேண்டாம்.

எல்லோரும் எல்லாமும் செய்யலாம் என்று நான் சொல்லவில்லை. எலும்பில் நோய் பரவியவர், ரத்தத் தட்டணு மிகவும் குறைந்தவர், காய்ச்சலில் இருப்பவர், கீமோவால் பாதம் மரத்துப்போனவர், இவர்களுக்கெல்லாம் பயிற்சியை மாற்ற வேண்டும், சில நாள் நிறுத்தவும் வேண்டும். அதைத் தீர்மானிக்க மருத்துவர் இருக்கிறார். உறவினரின் பயம் அதைத் தீர்மானிக்கக் கூடாது.

சிறுபான்மைக் கூட்டத்துக்கு இவ்வளவு செலவா என்பார்கள். கனடாவின் 2021 கணக்கெடுப்புப்படி வீட்டில் பெரும்பாலும் பஞ்சாபி பேசுவோர் ஐந்து லட்சத்துக்கு மேல். அவர்கள் வரி கட்டுகிறார்கள், அந்த நாட்டின் லாரிகளை ஓட்டுகிறார்கள், மருத்துவமனைத் தரையைத் துடைக்கிறார்கள், அறுவை சிகிச்சையும் செய்கிறார்கள். அதே மருத்துவமனைகளில் சிகிச்சை பெறும் தமிழ் நோயாளிகளின் வீட்டுக் கதையும் இதுவேதான். பாதாமுக்குப் பதில் பத்தியக் கஞ்சி, அவ்வளவுதான் வித்தியாசம்.

உங்கள் வீட்டில் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுபவர் யாராவது இருந்தால், அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது, என்ன சாப்பிடலாம் என்று கேட்பதற்கு முன்னால் எவ்வளவு நடக்கலாம், எதைத் தூக்கலாம் என்று கேளுங்கள். பதிலை வாங்காமல் அந்த அறையை விட்டு வராதீர்கள்.