நோய் அவளுக்கு, ரகசியம் நமக்கா?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

என் மனைவிக்கு மார்பகப் புற்றுநோய். பலருக்குத் தெரியும். தெரிந்த பலரும் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னது ஒன்றுதான்: "அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. மனசு உடைஞ்சிடும்." சொன்னவர்கள் இதையும் படிப்பார்கள். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. அது தப்பான யோசனை. அதைக் கேட்டு நடந்த நான் இன்னும் பெரிய தப்பு செய்தேன்.

"சாதாரண கட்டிதான், கரைய ஊசி போடுறாங்க" என்று அவளிடம் சொல்லி வைத்தேன். முதல் கீமோ முடிந்ததும் நர்ஸ் ஒரு தாள் கொடுத்தார். 100.4 டிகிரியோ அதற்கு மேலோ காய்ச்சல் வந்தால், நடுராத்திரியானாலும் உடனே வர வேண்டும் என்று அதில் இருந்தது. தாளின் தலைப்பில் 'புற்றுநோய்ப் பிரிவு' என்று இருந்ததால் அதை பீரோவில் துணிக்கு அடியில் ஒளித்து வைத்தேன்.

பத்தாம் நாள் ராத்திரி அவளுக்குக் காய்ச்சல். என் தூக்கத்தைக் கெடுக்க வேண்டாமென்று தானே நிலவேம்புக் கஷாயம் வைத்துக் குடித்துவிட்டுப் படுத்திருக்கிறாள். காலையில் தொட்டால் அனல். 102. கீமோ மருந்து ரத்தத்தின் வெள்ளை அணுக்களையும் குறைத்துவிடும். ஊசி போட்ட ஏழாவது நாளிலிருந்து பதினான்காவது நாள் வரை உடம்பில் எதிர்ப்புச் சக்தி மிகக் குறைவு. மற்றவர்களுக்கு மாத்திரையில் அடங்கும் காய்ச்சல் இவர்களுக்குச் சில மணி நேரத்திலேயே உயிருக்கு ஆபத்தாகலாம். ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். "அவங்களுக்குத் தெரிஞ்சிருந்தா ராத்திரியே எழுப்பியிருப்பாங்க சார்" என்றார் டாக்டர். முப்பத்து நான்கு வருஷம் பாடம் சொல்லிக் கொடுத்தவன் தலை குனிந்து நின்றேன்.

மூன்றாம் நாள், கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அழுதாள். அப்புறம் கேட்டாள்: "ஏங்க, எந்தப் பையனோட ரேங்க் கார்டையாவது அவன்கிட்ட காட்டாம நீங்களே வெச்சிக்கிட்டிருக்கீங்களா? என்னோடதை மட்டும் ஏன் ஒளிச்சு வெச்சீங்க?"

என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருக்கிறதா?

மனசு உடையும் என்கிறீர்கள். உடையத்தான் செய்யும். ஆனால் நாம் மறைப்பது அவர்களுக்காகவா? அவர்கள் அழுவதைப் பார்க்க நமக்குத் தைரியம் இல்லை, அதனால் மறைக்கிறோம். ஊசி ஏறுவது அவள் கையில். கொட்டுவது அவள் முடி. அந்த நோயின் பெயர் மட்டும் ஊருக்கெல்லாம் தெரியலாம், அவளுக்குத் தெரியக் கூடாதா?

1954இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அடையாறில் ஆஸ்பத்திரி தொடங்கியபோது 'கேன்சர் இன்ஸ்டிட்யூட்' என்று நோயின் பெயரையே வைத்தார். தன் தங்கையை அந்த நோய்க்குப் பறிகொடுத்தவர் அவர். எழுபது வருஷம் கழித்தும் நாம் வீட்டுக் கூடத்தில் குசுகுசுக்கிறோம்.

முகத்துக்கு நேரே போட்டு உடைக்கச் சொல்லவில்லை. "எவ்வளவு தெரிஞ்சிக்கணும்னு நினைக்கிறே?" என்று முதலில் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடலாம். அந்த முடிவு அவர்களுடையது, சித்தப்பாவுடையதோ மைத்துனருடையதோ அல்ல.

இப்போது அந்தத் தாள் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. பக்கத்தில் தெர்மாமீட்டர். மூன்றாவது ஊசிக்கு முந்தின ரத்தப் பரிசோதனைக்கு டோக்கன் வாங்க அவளே வந்து வரிசையில் உட்கார்ந்தாள். டாக்டரிடம் நான் கேட்க மறந்ததையும் அவளே கேட்டாள்.

வீட்டுக்கு வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சளி, இருமல் இருந்தால் வராதீர்கள். வந்தால் என்னை வாசலுக்கு இழுத்துப் போய் "எப்படி இருக்கா?" என்று கேட்காதீர்கள். உள்ளே போய் அவளிடமே கேளுங்கள். அவள் சொல்வாள்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்