நானோ ரோபோ வரும்வரை பொறுப்போமா?



போன கிழமை பகேரியாவில் ஒரு வீட்டு ஜெபக்கூட்டம் முடிந்து தேத்தண்ணீர் குடிக்கும்போது, ஒரு தம்பி தன் போனில் வீடியோ ஒன்றைக் காட்டினான். காந்தத்தால் ஓட்டும் குட்டி ரோபோ, புற்றுநோயை மட்டும் தேடிப்போய் அழிக்கிறதாம். "அக்கா, அம்மாவுக்குக் கீமோவை நிப்பாட்டிப்போட்டு இது வரும்வரை பொறுப்போமா?" என்றான். அம்மாவுக்கு இரண்டு கீமோ முடிந்துவிட்டது. தலைமயிர் கொட்டி, வாய் புண்ணாகி, கஞ்சியும் இறங்குதில்லை. பிள்ளை கேட்டதில் பிழை சொல்லமாட்டேன்.

அந்த வீடியோ முழுப் பொய்யும் இல்லை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் அம்பரிஷ் கோஷும் கூட உள்ளவர்களும் பல வருடமாக இந்த வேலைதான் செய்கிறார்கள். ரோபோ என்றதும் கை கால் நினைக்காதீர்கள். வைன் போத்தல் தக்கையை இழுக்கும் திருகு இருக்கிறதே, அந்த வடிவம். சிலிக்காவில் செய்து இரும்பு பூசியது. நீளம் சில மைக்ரோமீற்றர்தான். ஒரு தலைமயிரின் தடிப்பே ஏறத்தாழ 70 மைக்ரோமீற்றர். உள்ளே மோட்டாரும் இல்லை, பற்றரியும் இல்லை. வெளியே காந்தப்புலத்தைச் சுழற்றினால் அதுவும் சுழன்று முன்னேறும்.

ஏன் இவ்வளவு பாடு? கீமோ மருந்து இரத்தத்தோடு உடம்பெல்லாம் போய், வேகமாகப் பெருகும் கலங்களைத் தாக்குகிறது. மயிர்வேரும் வாயின் உட்தோலும் அப்படிப் பெருகுபவைதான். மருந்தைக் கட்டியின் வாசலிலேயே இறக்க முடிந்தால் அந்த அம்மா கஞ்சி குடிப்பா.

2020இல் அவர்கள் கண்டது: புற்றுநோய்க் கலங்களுக்குப் பக்கத்தில் இந்தத் திருகுகள் கூடுதலாக ஒட்டிக்கொள்கின்றன. ஆனால் அது ஆய்வுகூடத்தில் வளர்த்த கலங்களில். மனிதருக்குள்ளே இரத்த ஓட்டம் அடித்துக்கொண்டு போகும். தூரம் கூடக் கூடக் காந்தத்தின் பிடி தளரும். வேலை முடிந்தபின் அவற்றை என்ன செய்வது என்பதும் இருக்கிறது. இன்றைக்கு ஒரு வைத்தியசாலையிலும் இதைச் சிகிச்சையாகக் கேட்டு வாங்க முடியாது. கட்டி அதுவரை பொறுக்காது.

வாய்ப்புண்ணுக்கும் வாந்திக்கும் இப்போதே மருந்து உண்டு. டொக்டர் கேட்டால் "பரவாயில்லை" என்று சிரித்துவிட்டு வருவது எங்கள் அம்மாமாரின் பழக்கம். இத்தாலி மொழி தெரிந்த நீங்கள் கூடப் போங்கள். கீமோ நாட்களில் காய்ச்சல் 38 பாகையைத் தாண்டினால் அடுத்த திகதிவரை வைத்திராமல் உடனே வைத்தியசாலைக்குக் கூப்பிடுங்கள்.

தம்பி அன்றிரவே, தாய் டொக்டரிடம் சொல்லாமல் விட்டதையெல்லாம் இத்தாலி மொழியில் எழுதி, சரியா என்று பார்க்கச் சொல்லி எனக்கு அனுப்பினான். பதினொரு வரி இருந்தது.