நின்று நின்று போகும் பழைய கார்

கேள்வி: 1997 மாடல் மாருதி 800 வைத்திருக்கிறேன். வேகம் குறைந்தால் இன்ஜின் நின்றுவிடுகிறது. லிட்டருக்கு 15 கி.மீ. கொடுத்தது, இப்போது 10 கூட இல்லை. பட்டாசு ஆலைக்கு ஆள் ஏற்றிப் போகும் வண்டி. என்ன செய்யலாம்?
- வாசகர், வெம்பக்கோட்டை

பதில்: பயிர்க் கேள்விகளுக்கு நடுவே கார் கேள்வி! பரவாயில்லை, நானும் இதே கார்புரேட்டர் வண்டியை ஓட்டியவன்தான். இரண்டு கோளாறும் சேர்ந்து வந்தால், பெரும்பாலும் பெட்ரோல் அதிகமாகவும் காற்று குறைவாகவும் போகிறது. இலையின் நிறம் பார்த்துச் சத்துக்குறையைச் சொல்கிறோம் அல்லவா? அதேபோல, இன்ஜின் ஆறிய பிறகு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். கரி அப்பிக் கறுத்திருந்தால் சந்தேகம் சரி.

முதலில் ஏர் ஃபில்டர். நம் கரிசல் புழுதிக்குச் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும், மாற்றிவிடுங்கள். அடுத்து சோக். குமிழை உள்ளே தள்ளினாலும் கேபிள் சிக்கி, மடல் மூடியே நிற்பது பழைய வண்டிகளில் சகஜம். இரண்டும் நன்றாக இருந்தால் கார்புரேட்டரின் ஃப்ளோட் ஊசி கசியலாம். அது மெக்கானிக் வேலை.

எனக்குப் பயம் வேறு. இப்படிப்பட்ட வண்டி சைலன்சரில் 'டப்' என்று வெடித்து நெருப்பு கக்கும். பழுது தீரும்வரை ஆலை வாசலுக்குக் கொண்டு போகாதீர்கள். ஆட்களை மெயின் ரோட்டிலேயே இறக்கிவிடுங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் சாவியைத் திருப்பவே வேண்டாம்.